சரிவில் நிற்கும் காட்டுக்கள்ளி

அன்புள்ள எவுசேபியோவுக்கு, ஒதிலியா எழுதிக்கொள்வது.

இங்கே நலம். மழை பிந்தி வந்தும் சோளம் தப்பிவிட்டது. அங்கே குளிர் தொடங்கியிருக்கும், கம்பளிச் சட்டை இல்லாமல் வேலைக்குப் போகாதீர்கள். ஊருக்கு ஒரே போன் உங்கள் தம்பி ரொசெந்தோவின் கடையில்தான் இருக்கிறது, அதனால்தான் கடிதம்.

போன வாரம் நம் கொல்லைச் சப்பாத்திக்கள்ளியில் மடல்கள் காணாமல் போயின. சமையலுக்கென்று நான் விட்டுவைத்த முள்ளில்லாத மடல்கள். ஆடு தின்றால் கடித்த தடம் இருக்கும், இவை கத்தியால் அறுத்தவை. பக்கத்து வீட்டு எதுவீகெஸைச் சந்தேகப்பட்டுக் கேட்டே விட்டேன். "ஆமாடி, உன் மடலைத் தின்னுதான் என் வயிறு நிறையணும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் ரொசெந்தோ இனிப்பு ரொட்டியோடு வந்தான். அவன் எதையாவது வாங்கி வந்து நான் பார்த்ததில்லை, அப்போதே உறுத்தியது. ஊர்ப் பொதுச் சரிவில் நிற்கும் கள்ளியெல்லாம் உங்கள் அப்பா நட்டதாம். நில அதிகாரி வந்து பார்த்து அப்படியே எழுதிவிட்டால் சரிவு நம் குடும்பத்துக்காம், வேலி போட்டுவிடலாமாம். "நீங்க வாயைத் திறக்காம இருந்தா போதும், அண்ணி. அண்ணனுக்கு எல்லாம் தெரியும்" என்றான்.

பழம் பறிக்கிற சாக்கில் சரிவுக்குப் போனேன். பாதையோரமாக, கயிறு பிடித்த மாதிரி வரிசையாக மடல்களை ஊன்றியிருக்கிறான். எல்லாம் என் கொல்லை மடல்கள், எனக்கா அடையாளம் தெரியாது? அதிகாரி வண்டியை விட்டு இறங்கமாட்டார் என்று கணக்குப் போட்டிருக்கிறான். மேலே ஏறினால் தெரிந்துவிடும். அங்கே உள்ள பழைய கள்ளிகள் பறவை எச்சத்தில் முளைத்து மரத்தடியில் கண்டபடி நிற்கிறவை. உடம்பெல்லாம் வெள்ளை முள், சின்னச் சின்னக் கருஞ்சிவப்புப் பழம். அந்தப் பழத்தைக் காய்ச்சி விற்றுத்தான் எதுவீகெஸ் பிள்ளைகளை வளர்க்கிறாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

உங்களுக்குத் தெரியும் என்று அவன் சொன்னதை நான் நம்பவில்லை. அப்படி எழுதும்போதே கை நிற்கிறது. போன முறை போனில், கொல்லைக் கள்ளி நன்றாக இருக்கிறதா என்று எதற்குக் கேட்டீர்கள்? ஒருநாளும் கேட்டதில்லையே.

கல்யாணத்துக்கு முன்னால் அந்தச் சரிவில்தான் உங்களுக்குப் பழம் பறித்தேன். உள்ளங்கை முழுக்கச் சுணை ஏறிவிட்டது. என் கையை மடியில் வைத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கியபடி, "யாராவது நட்டு வளர்த்திருந்தா இப்படியா குத்தும்? இது காட்டுக்கள்ளி, யாருக்கும் அடங்காது, உன்னை மாதிரி" என்று சிரித்தீர்கள்.

அடுத்த மாத ஊர்க்கூட்டத்தில் அதையேதான் சொல்லப்போகிறேன், நீங்கள் சொன்னதாக. பதில் எழுதுங்கள். போன் வேண்டாம். "சொல்லு" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும்.

குவாதலூப்பே மாதா உங்களைக் காப்பாற்றட்டும். நான் இன்னும் உங்களைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒதிலியா