நீ சொல்லாத என் பெயர்

காலையிலிருந்து வீடெல்லாம் வசம்பு சுட்ட வாசனை. மருமகள் தாய்வீட்டிலிருந்து பேரனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பொழுது சாய்ந்தால் நீ வசம்பைக்கூட 'பேர் சொல்லாதது' என்பாய். உன் வாயில் இருந்த சின்னப் பூட்டு அது. பெரிய பூட்டு என் பெயருக்கு.

பேரனுக்கும் அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். சுடலைமுத்து. எனக்குப் பெருமையாக இல்லை, அலுப்பாக இருக்கிறது. என் தாத்தாவுக்கு முன்னால் பிறந்த பிள்ளைகளெல்லாம் தொட்டிலோடு போய்விட்டன. அவரைப் பெற்றவள் ஆற்றங்கரைச் சுடலைமாடனுக்கு நேர்ந்துகொண்டாள். தாத்தா தங்கினார், பெயரும் தங்கியது. அவருடைய பேரன்மார் அத்தனை பேருக்கும் அதே பெயர். ஒரே வீட்டில் பெரிய சுடலை, கருத்த சுடலை, சளிமூக்குச் சுடலை. நான் கருத்தவன். பிறகு வாந்திபேதி வந்த வருஷம் ஆற்றோரத்து ஊர்ப் பெண்களெல்லாம் அதே சாமியிடம் ஓடினார்கள். அடுத்துப் பிறந்த ஆண்பிள்ளைகளில் பாதி சுடலைமுத்துதான்.

இந்த வீட்டுக்குத்தான் நீ வாழ்க்கைப்பட்டு வந்தாய். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சாமியையே நீ 'மயானத்துச் சாமி' ஆக்கிவிட்டாய்.

திருச்செந்தூர் மாசித் தேருக்குப் போனோமே. நான் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வருவதற்குள் கூட்டம் உன்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. தேங்காய்க் கடைக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு, "மாப்பிள்ளை பேரு என்ன தாயி? நான் சத்தம் குடுக்கேன்" என்றாராம். "மயானத்துச் சாமி பேருதான்" என்றாயாம் நீ. அவர் புரிந்துகொண்டு, "ஏ சுடலைமுத்து" என்று கத்த, ஏழெட்டுப் பேர் உன் முன்னால் வந்து நின்றார்கள். ஒருவரும் உன் ஆள் இல்லை. நான் வந்து சேர்ந்தபோது நீ முந்தானைக்குள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாய்.

"காணாமப் போனாலும் கூப்பிட மாட்டியாட்டி?" என்று கோபித்தேன்.

"ஒரு நாளு தேடிக்கிடலாம். ஆயுசுக்கும் தேட முடியுமா?" என்றாய்.

கடைசிக் காய்ச்சலில் நீ கிடந்தபோது வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன், ஒரு தடவை சொல்லு என்று. தலையை அசைத்து மறுத்துவிட்டாய். "நான் போன பெறவு நீங்க இருக்க வேண்டாமா?"

இருக்கிறேன். பல் போயிற்று, பாதிக் கண் போயிற்று, கூடப் பேசியவர்கள் போனார்கள். நீ கட்டிக்காத்த ஆயுசு மட்டும் தீர்ந்தபாடில்லை. அதைச் சுமந்து களைத்துப்போனேன். உன்மேல் கோபம்கூட வருகிறது.

இன்று மத்தியானம் பிள்ளை விடாமல் அழுதான். "ராசா, ராசா" என்று மருமகள் தட்டிக்கொண்டிருந்தாள். மாமனார் பெயர் ஆயிற்றே, எப்படிச் சொல்லுவாள்? பெற்ற பிள்ளையைக் கூப்பிட முடியாமல் நாக்கைக் கட்டிக்கொண்டு இன்னொருத்தி. எனக்குப் பொறுக்கவில்லை.

"பேரச் சொல்லியே கூப்பிடு தாயி."

"ஒங்களுக்கு ஆகாது மாமா."

"இருந்த மட்டும் போதும். நீ கூப்பிடு."

முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். பிறகு பிள்ளையோடு கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, பைய, "சுடலைமுத்து" என்றாள். ஆள் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

பிள்ளை அழுகையை நிறுத்தவில்லை. நான்தான், என்னை அறியாமல், "என்னட்டி" என்றேன்.