ஹால்வர் ஊரைவிட்டுப் போகிறானாம்

ஸ்கார்வோய் தீவு
ஜனவரி 11

அன்பு மகள் இங்குனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அவருடைய முழங்கால் மட்டும் மழைக்கு முன்னாலேயே முனக ஆரம்பித்துவிடுகிறது, அங்கே சிங்கப்பூர் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் என்னம்மா விசேஷம் என்று நீ கேட்டபோது ஒன்றுமில்லை என்றேன், அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விசேஷம் இல்லாமல் என்ன, வண்டி வண்டியாக இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

பணக்காரர்கள் மேல் வரியை ஏற்றினாலும் ஏற்றினார்கள், நம் தீவில் எல்லோர் வாயிலும் வரி குறைவான சுவிட்சர்லாந்துதான். சால்மன் மீன் பண்ணைக்கார ஹால்வர், அப்பாவோடு ஒரே பெஞ்சில் படித்தவன், அவனும் அவன் பெண்டாட்டி ரண்டியும் அங்கே ஏரிக்கரையில் வீடு பார்த்துவிட்டு வந்தார்கள் என்று செப்டம்பரில் செய்தி பரவியது. உன் அப்பாவைத்தான் தெரியுமே, கடையில் பத்துப் பேர் நடுவில் நின்று, "போகட்டுமே, யாரு கையைப் புடிச்சு இழுத்தா? இவன் பிள்ளைங்க படிச்ச பள்ளிக்கூடம் என்ன வானத்துல இருந்து விழுந்துச்சா?" என்று சத்தம் போட்டிருக்கிறார். ஹால்வர் காதுக்குப் போகாமல் இருக்குமா? ஐம்பது வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் ஒரே படகில் மீன் பிடிக்கப் போனவர்களுக்குள் அன்றோடு பேச்சு நின்றது. அதன் பிறகு சனிக்கிழமை வந்தால் அப்பா படகைத் துடைப்பார், உள்ளே வந்து ரேடியோவைத் திட்டுவார், சாப்பாட்டில் பாதி தட்டிலேயே கிடக்கும். இந்த வயதில் அவருக்கு இருக்கிற ஒரே சிநேகிதன் ஹால்வர்தானே, அவனும் போய்விட்டால் மனுஷர் என்ன ஆவார்?

டிசம்பரில் வழக்கம்போல, யார் எவ்வளவு வரி கட்டுகிறார் என்று எவரும் பார்க்கும்படி அரசாங்கம் போடுகிற வரிப் பட்டியல் வந்தது. ஒருவர் கணக்கைப் பார்த்தால் பார்த்தது யார் என்று அவருக்குத் தெரிந்துவிடும் என்பதால் இப்போதும் இங்கே எல்லோரும் வெளியூர்ச் சொந்தக்காரர்களைப் பார்த்துச் சொல்லச் சொல்கிறார்கள், நானும் பெர்கனில் இருக்கும் உன் சித்தியைத்தான் பிடிப்பேன். இந்த முறை ஆத்திரத்தில் கம்ப்யூட்டரில் என் பெயரிலேயே உள்ளே போய் ஹால்வர் எவ்வளவு கட்டுகிறான் என்று பார்த்துவிட்டேன். சைபரை எண்ணி முடித்த பிறகுதான் என் பெயர் அவனுக்குப் போய்விடுமே என்று உறைத்தது, ஐயோ, மானம் போச்சே என்று தலையில் கை வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானமே ஹால்வர் வந்துவிட்டான். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு நேரே அடுக்களைக்கு வந்து, காபியைக்கூடத் தொடாமல், "பேப்பர்க்காரன் பார்த்தான், பாங்க்காரன் பார்த்தான், சரி. உனக்கு என்ன வந்துச்சு குன்வோர்?" என்றான். எனக்குப் பொய் வரவில்லை. அம்பது வருஷ சிநேகிதத்தை விட்டுட்டுப் போற அளவுக்கு அந்த வரி பெரிசான்னு பார்த்தேன் என்றேன். "பெரிசா?" என்றான். பெரிசுதான், ஆனா உனக்கு மிஞ்சுறதையும் சேர்த்துத்தானே பார்த்தேன் என்றேன். சிரித்துவிட்டான், அப்புறம் முகம் தொங்கிப்போனது. ஆடிட்டர் போ என்கிறானாம், மகன் போ என்கிறானாம், கடையில் உன் அப்பா போய்த் தொலை என்கிறாராம். "இந்த ஊர்ல ஒருத்தர்கூட என்னை இருடான்னு சொல்லலை" என்றான்.

பக்கத்து அறையில் தூங்குகிற மாதிரி பாசாங்கு பண்ணிக்கொண்டிருந்த உன் அப்பா எழுந்து வந்தார். காது இரண்டும் சிவந்து கிடந்தது. இருடா என்றார். என்ன சொன்னே என்றான் ஹால்வர், வேண்டுமென்றே. "இருடான்னேன், கழுதை, எத்தனை தடவை சொல்லணும்?" என்று அப்பா கத்தினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகன் குடும்பம் பிப்ரவரியில் சுவிட்சர்லாந்து போகிறது, ஹால்வர் போகவில்லை. ரண்டிக்கும் சர்ச் பாட்டுக் குழுவை விட்டுப் போக மனசே இல்லையாம், அவளை யார் கேட்டார்கள்? வரியை இன்னும் திட்டத்தான் திட்டுகிறான், கேட்க அப்பா இருக்கிறார், சனிக்கிழமை இருவரும் படகில் கத்திக்கொண்டே போகிறார்கள், எனக்கும் வீட்டில் நிம்மதி.

ஆனால் அன்றிலிருந்து ஒன்று உறுத்துகிறது இங்குன். ஆறு வருஷம் முன்னால் உனக்கு வேலை வந்தபோது, சம்பளம் எவ்வளவு, அங்கே வரி எவ்வளவு குறைவு, கையில் என்ன நிற்கும் என்றுதான் மூன்று பேரும் பேசினோம். அப்பா காகிதத்தில் கூட்டிக் காட்டினார், நான் பெட்டி கட்டினேன். இரு என்று ஒரு வார்த்தை நாங்கள் சொல்லவில்லை, சொன்னால் உன் காலைக் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். திரும்பி வா என்று கேட்கவில்லை, நீ அங்கே நன்றாக இருக்கிறாய், அதில் எங்களுக்கு நிறைவுதான். ஆனால் உன்னை அனுப்ப எனக்கு மனசே இல்லை கண்ணு, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

கடவுள் உங்கள் இருவரையும் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும். வெயில் ஊர்தானே என்று மீன் எண்ணெயை நிறுத்திவிடாதே. அப்பா இதைப் படித்துவிட்டுப் பேனாவைக் கேட்கிறார், தருகிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா குன்வோர்

எனக்கும்தான் மனசே இல்லை.
அப்பா