நீ வாங்கித் தந்த டிவியில் அம்மா

காலடிப்பேட்டை,
திருவொற்றியூர்.

அன்பு மகள் பெர்சிஸுக்கு,

அப்பா எழுதுகிறேன். கர்த்தரின் கிருபையால் இங்கே நாங்கள் நன்றாக இருக்கிறோம். மஸ்கட்டில் நைட் டியூட்டி குறைந்ததா? வேளைக்குச் சாப்பிடு. போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால்தான் லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் உன் தோழி அனிஷாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன்னிடம் மறைத்த ஒரு விஷயம். தண்டையார்பேட்டை அச்சகத்தில் அம்மாவை நிறுத்திவிட்டார்கள். அவள் டைப் அடித்த கல்யாணப் பத்திரிகையில் மணப்பெண் மலிகா, 'மலிதா' ஆகிவிட்டாள். முதலாளி அத்தாவுல்லா பாய் கோபப்படவில்லை. "கண்ணு இப்டி கீது, இனிமே வூட்ல குந்து தாயி" என்றாராம். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். எந்தக் கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்து இனிப் பிடிபடாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

ஒருநாள் நான் நம் கடையை மூடிவிட்டு வந்தால், நீ காலேஜில் வைத்திருந்த கம்ப்யூட்டர் பரணிலிருந்து இறங்கியிருக்கிறது. கேபிள் பெட்டியின் வயரைப் பிடுங்கி, கம்ப்யூட்டரை டிவியோடு இணைத்திருந்தாள். படத்தின் ஓரமெல்லாம் வெட்டுப்பட்டு, கீழ்வரி தெரியவே இல்லை. இது ஆகாது, விடு என்றேன். "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்று டிவியில் மூக்கு இடிக்க நின்று, ரிமோட்டை அமுக்கி அமுக்கிப் படத்தின் அளவை மாற்றும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். பிறகு எழுத்தைப் பெரிதாக்கினாள். ஒரு 'அ' என் உள்ளங்கை அளவு!

அவளே பாய்க்குப் போன் போட்டாள். "ஒரே ஒரு வேலை குடுங்க பாய். தப்பு வந்தா அப்புறம் கேக்கவே மாட்டேன்" என்றாள். ஒரு பள்ளி ஆண்டு மலரின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினார். டிவியில் ஒரு பாதியில் கையெழுத்துப் பிரதி, மறுபாதியில் இவள் அடிப்பது. முடித்ததும் பாயே வீட்டுக்கு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, அச்செடுத்த தாள்களை வரிவரியாகப் படித்தார். ஒரு பிழை இல்லை. டிவியை நிமிர்ந்து பார்த்து, "இன்னாம்மா, வூட்லயே தியேட்டரு வெச்சிகினு கீற!" என்று சிரித்தார். இப்போது வேலை வீட்டுக்கே வருகிறது.

கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கிரிக்கெட்டை டீக்கடையில் நின்று பார்க்கிறேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

மகளே, கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொன்னாய். முடிந்தால் அதற்கு முன்பே லீவு கேட்டுப் பார். நீ அனுப்பும் போட்டோவை டிவி முழுக்கப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, "இளைச்சிட்டாளோ?" என்று கேட்கிறாள். அவள் எதிரில் வந்து நின்று காட்டு. கொஞ்சம் சீக்கிரம் வா.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அப்பா,
ஞானம்