பச்சை கலந்த போர்வெல் தண்ணீர்

செவ்வாய்க்கிழமை, இரவு.

டிரைவர் அந்தோணியின் டிரெய்லர் லாரியை இன்று எண்ணூரிலிருந்து என் மெக்கானிக் ஷெட்டுக்குக் கட்டி இழுத்து வந்தார்கள். ரேடியேட்டரைத் திறந்தேன். செங்கல்லைக் கரைத்தது போல் துருத் தண்ணீர் கொட்டியது.

"என் தப்புதான் மாமு," என்றான் அந்தோணி. "போன மாசம் மீஞ்சூராண்ட வண்டி ஹீட் ஆய்ட்ச்சு. டீக்கடைல ஒரு பாட்டில் தண்ணி வாங்கி ஊத்திட்டேன். அதான் துரு புட்ச்சிகினு கீது."

ஒரு பாட்டிலுக்கு இவ்வளவு துரு பிடிக்காது. கோடையில் அவன் அவசரப்பட்ட அன்று ஷெட்டில், துருப் பிடிக்காமலிருக்க ரேடியேட்டரில் ஊற்றும் பச்சைக் கூலண்ட் ஏறக்குறைய தீர்ந்துபோயிருந்தது. நான்தான் போர்வெல் தண்ணீரை நிரப்பி, பச்சையாகத் தெரியட்டும் என்று கேனின் அடியில் மிஞ்சிக் கிடந்த கூலண்டைக் கலந்துவிட்டேன். அந்த உப்புத் தண்ணீரில் எங்கள் வீட்டில் பருப்புகூட வேகாது. தெரிந்துதான் ஊற்றினேன்.

அவன் முதலாளி போனில் கத்தினார். "ஆமா சார், நான்தான்," என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். நான் குனிந்து ஹோஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

வேலை முடிந்ததும் புதுக் கூலண்ட் கேனை என்னிடம் நீட்டினான்.

"இனிமே நீதான் மாமு ஊத்தணும். என் மேலயே எனக்கு நம்பிக்கை போய்ட்ச்சு."

ஊற்றினேன். அவன் எனக்கு டார்ச் அடித்துக்கொண்டு நின்றான். வாயைத் திறந்திருக்கலாம். ஷெட்டில் வேறு யாருமே இல்லை.