பத்து நாள் பிழைக்க வேண்டிய நாய்

சிஸ்டர்,

இன்று காலை ஒரு தெருநாய் என்னைக் கடித்துவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை, கெண்டைக்காலில் இரண்டு பல். கும்பகோணத்தில் எங்கள் தெருமுனை கிளினிக்கில் அந்தச் சின்னப் பெண் டாக்டர் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை என் கையில் தேய்த்தபோது, அந்த வாசனையோடு நீங்களும் வந்து பக்கத்தில் நின்றுவிட்டீர்கள். "கடிச்ச நாய் பத்து நாள் நல்லா இருக்கான்னு மட்டும் பாத்துக்குங்க தாத்தா" என்றாள் அவள். நான் சிரித்துவிட்டேன். ஊசி போடும்போது சிரிக்கிற கிழவனை அவள் பார்த்ததில்லை போலிருக்கிறது. நீங்கள் கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிறது. இதை வேறு யாரிடம் சொல்லிச் சிரிப்பது? அதனால்தான் எழுதுகிறேன்.

அது அறுபத்தேழில் ஆட்சி மாறிய புதிது. வலங்கைமானுக்குத் தெற்கே எங்கள் ஊரில் சம்பா அறுவடைக் கூலியில் ஆரம்பித்த தகராறு, குத்தகை, குடியிருக்கும் மனை என்று வளர்ந்துகொண்டே போயிற்று. வரப்புகளில் சிவப்புக் கொடி பறந்தது. கூலி கேட்டுக் களத்துக்கு வந்தவர்கள்மேல் என் அண்ணன் ராஜாவை அவிழ்த்துவிட்டார். ராஜா எங்கள் களத்து நாய். ஒருவர் வேட்டி கிழிந்தது, இன்னொருவர் ஓடி வாய்க்காலில் விழுந்தார். மறுநாளிலிருந்து பண்ணைக்கு ஓர் ஆளும் வரவில்லை. அண்ணன் குடும்பத்தோடு தஞ்சாவூருக்குக் கிளம்பிவிட்டார். பி.ஏ. முடித்து வேலைக்கு மனுப் போட்டபடி உட்கார்ந்திருந்த என்னை வீட்டுக் காவலுக்கு விட்டுப்போனார். நாயைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போகிறவன் நான். நல்ல காவல்!

ராஜாவுக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தவர் மாட்டுக்காரர் செல்லையா. அவரும் சங்கத்தோடு போய்விட்டார். பண்ணை வீட்டில் பிறந்தவனுக்கு எந்த வேலையை யார் செய்கிறார்கள் என்பது தெரியாது. எல்லாம் தானாக நடக்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பான். செல்லையா வைப்பார் என்று நான் இருந்தேன். நான் வைப்பேன் என்று அவர் இருந்திருக்கிறார். களத்திலிருந்து ஊளை கேட்டது. ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். நாலாம் நாள் ஊளை நின்றது. அப்பாடா என்று இருந்தது. இதை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது.

ஆறாம் நாள் அஞ்சலை சாணி பொறுக்க அந்தப் பக்கம் வந்தாள். எங்கள் பண்ணையாட்கள் குடியிருந்த தெற்குத் தெரு முருகையனின் மனைவி. மூன்று மாதக் கைக்குழந்தைக்காரி. பிரசவம் பார்த்த நர்சே நீங்கள்தான். வைக்கோல் போருக்குப் பின்னால் நாய் கிடந்தது அவளுக்குத் தெரியவில்லை. முன்கைச் சதையைப் பிடித்துவிட்டது.

கூச்சல் கேட்டு நான் போனபோது தெற்குத் தெருவே கம்போடு களத்தில் நின்றது. நடுவில் நீங்கள், வெள்ளைப் புடவையில், நாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"தள்ளுங்க நர்சம்மா. இது கதைய இன்னிக்கு முடிச்சிடறோம்" என்றார் முருகையன்.

"முடிச்சிட்டு? ஒம் பொண்டாட்டிக்கு வெறி வருமா வராதான்னு அப்பறம் எதைப் பாத்துச் சொல்றது? இது பத்து நாள் உசுரோட இருந்தா அவளுக்குப் பயமில்ல. அடிச்சுக் கொன்னுட்டா, ஆயுசுக்கும் நீ அவ மொகத்தைப் பாத்துப் பாத்துப் பயந்துகிட்டே கெடக்க வேண்டியதுதான்."

கம்புகள் தாழ்ந்தன. நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள்.

"சார், காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"உப்புமா."

"அது?"

அன்றுதான் நான் அந்த நாயை முதல்முதலாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. சங்கிலி முளையைச் சுற்றிச் சுற்றி ஒரு முழமாகக் குறுகியிருந்தது. கழுத்தில் சங்கிலி அறுத்த இடத்தில் புழு வைத்திருந்தது. தண்ணீர்ச் சட்டி எட்டாத தூரத்தில் கவிழ்ந்து கிடந்தது. நீங்கள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

ஒரு சட்டியில் தண்ணீர் நிரப்பி மூங்கில் கழியால் நாயின் பக்கம் தள்ளினீர்கள். வெறி பிடித்திருந்தால் தண்ணீர் இறங்காது என்பது ஊர் நம்பிக்கை. அது தலையைத் தூக்கியது, முகர்ந்தது, பிறகு சளப் சளப்பென்று குடித்தது. அஞ்சலை ஓவென்று அழுதாள். அதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. பட்டினியில் செத்தாலும் வெறியில் செத்தாலும் எங்களுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. சாகக் கிடந்த அந்த நாய் பத்து நாள் பிழைத்தாக வேண்டும்.

அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. தினமும் முதல் பஸ்ஸில் அவளைக் கும்பகோணம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனீர்கள். பத்தாம் நாள் நாய் நன்றாக இருந்தால் ஊசியை நிறுத்திவிடலாம் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். நாய்க்குச் சோறு போடும் பொறுப்பு எனக்கு. வாழையிலையில் தயிர்சாதம் வைத்தேன். அது என்னைப் பார்த்து உறுமிவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. பாலும் வைத்துப் பார்த்தேன். ரோஷக்கார நாய்.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அஞ்சலை நேரே களத்துக்குத்தான் வருவாள். நாய் மூச்சு விடுகிறதா என்று பார்க்காமல் அவளுக்கு வீட்டுக்குப் போகக் கால் வராது. கடிபட்ட மூன்றாம் நாள், இடுப்பில் பிள்ளையோடு, தூக்குவாளியில் பழைய சோறும் நீராகாரமும் கொண்டுவந்து வைத்துவிட்டு எட்டி உட்கார்ந்தாள்.

"தின்னுடி சனியனே. நீ செத்தா நானும் செத்தேன்."

அது பெண் நாய் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ராஜா என்று பெயர் வைத்த எங்கள் வீட்டு லட்சணம் அப்படி. அது எழுந்து, காலை இழுத்துக்கொண்டு போய், வாளிக்குள் தலையை விட்டது.

ஏழாம் நாள் அஞ்சலை தலையைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் வாயைத் துணியால் கட்டிவிட்டு, புழுவை எடுத்துக் கற்பூரம் கலந்த வேப்பெண்ணெய் போட்டீர்கள். "பயமா இல்லையா சிஸ்டர்?" என்று கேட்டேன். "கடலுக்குப் போன ஆளுங்க எப்பத் திரும்புவாங்கன்னு கரையில நின்னு வளந்தவ சார் நானு. நாய்க்கா பயப்படுவேன்?" என்றீர்கள். பத்தாம் நாள் அஞ்சலையின் காலடிச் சத்தம் கேட்டதும் அது வாலை ஆட்டியது. ஊசி நின்றது. நீங்கள் எல்லோர் எதிரிலும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள்.

பதினொன்றாம் நாள் தஞ்சாவூரிலிருந்து அண்ணன் சொல்லியனுப்பினார்: ஆளைக் கடித்த நாய் நமக்கு வேண்டாம், மருந்து வைத்துவிடு. அதற்கு ஓர் இடம் தேடி நீங்கள் அலைந்த அலைச்சல் எனக்கல்லவா தெரியும்! ரைஸ்மில்காரர் கடித்த கதையைக் கேட்டதும் வேறு பேச்சுக்குத் தாவினார். தபால்காரர் கையெடுத்தே கும்பிட்டுவிட்டார். கடைசியில் அஞ்சலைதான், "நான் வச்சிக்கறேன்" என்றாள். முருகையன் குதித்தார். நம்மேல் ஏவிவிட்ட பண்ணை நாய் நம் தெருவுக்கா என்றார்.

"அதுவா வந்து கட்டிக்கிச்சு அந்த மொளையில?" என்றாள் அவள். "நீயும் நானும் அந்தக் களத்துலதானே கட்டிக் கெடந்தோம்?"

முருகையன் குதிப்பதை நிறுத்தினார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். எங்கள் பக்கத்தில் மாடு கைமாறினால் பழைய கயிறு கூடப் போகாது. வாங்குகிறவர் புதுக்கயிறு கொண்டுவருவார்; கொடுக்கிறவர் தன் கையால் பழையதை அவிழ்த்து, புதுக்கயிற்றில் கட்டிக் கொடுப்பார். "மாட்டுக்குச் செய்யற மாதிரி சின்னய்யா செய்யட்டும், நாலு பேரு பாக்க. தெருவுக்கு வந்து குடுக்கட்டும். இல்லாட்டி பண்ணை நாயத் திருடிட்டோம்னு நாளைக்கே ஸ்டேஷன்ல எழுதிக் குடுப்பாங்க."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அந்த வருஷம் வைக்கோல் கட்டுக்குக்கூடக் கேஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

முளைக்குப் பக்கத்தில் குந்தினேன். நாயிடம் பயம், அண்ணனிடம் அதைவிட. விரல் கொக்கியில் நிற்கவில்லை. நீங்கள் குனிந்து என் காதில் மட்டும் சொன்னீர்கள்: "கை நடுங்கட்டும் சார். அவுத்தாப் போதும்."

அவிழ்த்தேன். அஞ்சலை கொண்டுவந்த தென்னங்கயிற்றைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு தெற்குத் தெருவுக்கு நடந்தேன். எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் அந்தத் தெருவுக்குள் போய் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தது அதுதான் முதல் தடவை. அண்ணன் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. சௌகரியமாகத்தான் இருந்தது. களம் இருந்த இடத்தில் இன்று கல்யாண மண்டபம் இருக்கிறது.

ஆறேழு மாதம் கழித்து, அம்மை குத்த வந்த உங்களுக்குப் பெயர் எழுதிக் கொடுக்க அந்தத் தெருவுக்கு வந்தேன். அஞ்சலை வீட்டில் பிள்ளை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. தூளிக்கு அடியில் அது படுத்திருந்தது, கொழுகொழுவென்று. பெயர் இப்போது மணி. நான் எங்கள் வீட்டுப் பழக்கத்தில், கூப்பிடுமுன்பே வாசற்படியில் கால் வைத்தேன். மணி எழுந்து வந்து குறுக்கே நின்றது. முதுகு மயிர் சிலிர்க்க, பல்லைக் காட்டி உறுமியது. எங்கள் வீட்டில் பிறந்த நாய்!

"ஏ மணி, சின்னய்யாடி!" என்று உள்ளேயிருந்து அதட்டினாள் அஞ்சலை. அது அசையவில்லை. பின்னால் நீங்கள் அடக்க முடியாமல் சிரிப்பது கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எங்கும் நின்றதில்லை. அஞ்சலை கையைத் துடைத்துக்கொண்டு வந்து "வாங்க" என்ற பிறகுதான் மணி வழிவிட்டது.

இந்த வயதிலும், யார் வீடானாலும், "வாங்க" என்ற சொல் கேட்கும்வரை வாசலில் நிற்கிறேன் சிஸ்டர்.