கேட்காத மன்னிப்பு

திருத்தணி
10.03.2025

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை இன்னாசிராஜ் அவர்களுக்கு,

இயேசுவுக்கே புகழ்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் பேசினால் நீங்கள் பிரசங்கம் செய்வீர்கள், நடுவில் நான் பேச இடமிருக்காது. அதனால் எழுதுகிறேன்.

நேற்று பூசை முடிந்து கொடுத்த தவக்காலச் சிந்தனைத் தாளைப் படித்தேன். 'நம் பங்கில் ஒரு தாய். மகளுக்கு நேர்ந்த விபத்துக்காக உறவினர் ஒருவரை வெறுத்து வருகிறார். நோன்பிருக்கிறார், ஆனால் நெஞ்சில் கல்லைச் சுமக்கிறார்.' பெயர் போடவில்லையே என்று சொல்லாதீர்கள். நம் பங்கில் இருப்பதே அறுபது குடும்பம். அதில் கால் போன பெண் என் மகள் மோனிஷா ஒருத்திதான். எனக்கு முன்னால் அவள்தான் படித்தாள். "அம்மா, நான் ஃபாதருக்கு உதாரணமாயிட்டேன்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நீங்கள் போன ஜூனில்தான் இங்கே வந்தீர்கள். அதனால் நடந்ததைச் சொல்கிறேன். என் கணவர் இறந்த பிறகு அவருடைய அண்ணன் அருளப்பன் பாவாதான் எங்கள் குடும்பத்துக்குப் பெரியவர். இரண்டு வருடத்துக்கு முன் மோனிஷாவை ஆர்.கே.பேட்டையிலிருந்து பைக்கில் கூட்டிவந்தார். சிறுபாலத்தில் மோதினார். அவருக்குச் சிராய்ப்பு. அவளுக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நாய் குறுக்கே வந்தது என்று ஊரெல்லாம் சொன்னார். ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் நின்றவள் நான். சாராய வாடை எனக்குத் தெரியும். அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் வாசலை அவர் மிதிக்கவில்லை.

இனி எங்களைப் பற்றி எழுதாதீர்கள்.

புஷ்பலதா


பங்கு இல்லம்
13.03.2025

கிறிஸ்துவில் அன்புள்ள சகோதரி புஷ்பலதா,

உங்கள் கடிதத்தில் வேதனை இருக்கிறது. கூடவே அகந்தையும் இருக்கிறது. பத்து வருடம் மறைக்கல்வி நடத்தியவர் நீங்கள். உங்களிடமிருந்து இதை நான் எதிர்பார்க்கவில்லை.

அருளப்பனிடம் பேசினேன். நாய் என்றுதான் இன்றும் சொல்கிறார். யார் சொல்வது உண்மை என்று தீர்ப்பிட நான் நீதிபதி இல்லை. ஆனால் எத்தனை முறை மன்னிக்க வேண்டும் என்று பேதுரு கேட்டபோது ஆண்டவர் கணக்கு வைக்கச் சொல்லவில்லை. மன்னிப்பது அவருக்காக அல்ல. உங்கள் ஆன்மாவுக்கு அதுதான் மருந்து.

சிந்தனையில் யாரையும் குறிப்பிடவில்லை. மனசாட்சி உறுத்தினால் அதற்குத் தாள் பொறுப்பல்ல.

ஆசீருடன்,
ம. இன்னாசிராஜ்


31.03.2025

ஃபாதர் அவர்களுக்கு,

நேற்று ஊதாரி மகன் உவமை. 'தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான்' என்று ஓங்கிச் சொல்லிவிட்டு எங்கள் வரிசையைப் பார்த்தீர்கள். சபையும் திரும்பிப் பார்த்தது.

ஓடினான், சரி. யாரை நோக்கி ஓடினான்? சொத்தை அழித்து, பன்றி மேய்த்து, திருந்தி வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தவனை நோக்கி. பன்றிகளோடு உட்கார்ந்துகொண்டு 'நாய் குறுக்கே வந்தது' என்று சொல்லிக்கொண்டிருந்தவனை நோக்கி அல்ல.

சாயங்காலம் மாதர் சங்கத்திலிருந்து நான்கு பேர் வந்தார்கள். "மன்னிச்சிடு புஷ்பா. தவக்காலத்துல இப்டி வீம்பு பண்ணிக்கினு இருக்காத. ஃபாதரே மனசு நொந்து போறாரு" என்றார்கள். மோனிஷா அப்போது செயற்கைக் காலைக் கழற்றிவிட்டுப் புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் "எப்டிம்மா கீற" என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினேன். அதுவும் பாவம்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

மருந்து என்கிறீர்கள். காயம்பட்டவளே மருந்தும் அரைக்க வேண்டும், அடித்தவர் முன் வரிசையில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுவாரா?

புஷ்பலதா


பங்கு இல்லம்
03.04.2025

சகோதரி புஷ்பலதா,

நான்கு பெண்களை நான் அனுப்பவில்லை. ஆனாலும் அவர்களை நீங்கள் நடத்திய விதம் வருத்தம் தருகிறது.

பெரிய வியாழன் அன்று பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிருவரில் ஒருவராக அருளப்பனைத் தேர்ந்திருக்கிறேன். நீங்கள் வந்து பார்க்க வேண்டும். பங்குத்தந்தையே முழந்தாளிட்டு அவர் காலைக் கழுவுவதைப் பார்த்தால் உங்கள் மனம் இளகும் என்று நம்புகிறேன்.

தகுதியின்றி நற்கருணை வாங்குகிறவர் தம்மேல் தண்டனையை வரவழைக்கிறார் என்று புனித பவுல் எழுதியதை, பகையோடு வரும் உங்களுக்கு நினைவூட்டுவதும் என் கடமை.

ம. இன்னாசிராஜ்


05.04.2025

ஃபாதர்,

நற்கருணையை எடுத்து என்னை மிரட்டுகிறீர்கள். செய்யுங்கள்.

மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தை மறுபடியும் படியுங்கள். பீடத்துக்கு முன் காணிக்கையோடு நிற்கிறவனுக்கு, தன் சகோதரனுக்குத் தன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். போகச் சொன்னது யாரை? மனத்தாங்கல் உள்ளவளையா, அதற்குக் காரணமானவனையா? நான் பிள்ளைகளுக்கு இதைப் பத்து வருடம் சொல்லிக்கொடுத்தேன். சாமியார்களுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை.

அவர் வீட்டிலிருந்து எங்கள் வீடு இரண்டு தெரு தள்ளி. பங்குனி உத்திரத்துக்கு வெயிலில் எங்கெங்கிருந்தோ வெறுங்காலோடு மலைக்கு நடந்து வருகிறார்கள். இவருக்கு இரண்டு தெரு நடக்க முடியவில்லை.

யூதாசின் காலையும் ஆண்டவர் கழுவினார் என்பீர்கள். கழுவினார். ஆனால் 'உங்களில் எல்லாரும் சுத்தமாக இல்லை' என்று அந்தப் பந்தியிலேயே சொன்னார். நீங்கள் சொல்வீர்களா?

வியாழக்கிழமை நாங்கள் வரமாட்டோம்.

புஷ்பலதா


பங்கு இல்லம்
பெரிய வெள்ளி, 18.04.2025

சகோதரி புஷ்பலதா அவர்களுக்கு,

நேற்றைய திருப்பலியில் நடந்தது உங்கள் காதுக்கு எப்படி வந்ததோ தெரியாது. நானே எழுதுவது நல்லது.

திருப்பலிக்கு முன் அருளப்பனைத் தனியாக அழைத்து, தம்பி மனைவி வீட்டுக்கு ஒரு தடவையாவது போனீர்களா என்று கேட்டேன். "நான் ஏன் சாமி போவணும்? அந்தம்மாதான் என்மேல பழி போட்டுகினு கீது" என்றார். முதலில் அங்கே போய்விட்டு வாருங்கள், அதுவரை நாற்காலி காத்திருக்கும் என்றேன். "அப்ப நான் குடிகாரன்னு நீங்களும் முடிவு பண்ட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். குடி என்ற வார்த்தையை நான் எடுக்கவே இல்லை.

பதினோரு பேர் காலைத்தான் கழுவினேன். ஏன் என்று எல்லாரும் கேட்கிறார்கள். பதில் சொல்லவில்லை.

அந்தத் தாளில் நான் எழுதியது தவறு. உங்கள் கடிதங்களின் தொனியை நான் ஏற்கவில்லை. இரண்டும் ஒன்றையொன்று அழிக்காது.

ம. இன்னாசிராஜ்


திருத்தணி
22.04.2025

ஃபாதர் அவர்களுக்கு,

பெரிய சனிக்கிழமை சாயங்காலம் பாவா வந்தார். வருந்தி வரவில்லை. கேட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டு, "சாமிகிட்ட என்னா மூட்டிவுட்ட? சபையில என்னை அசிங்கப்படுத்திட்டியே!" என்று கத்தினார். நானும் இறங்கிப் போய்க் கத்தினேன். உயிர்ப்பு விழாவுக்கு முந்தின நாள் ஒரு மறைக்கல்வி டீச்சர் பேசக்கூடிய பேச்சல்ல. அக்கம்பக்கம் கூடிவிட்டது.

மோனிஷா செயற்கைக் காலைப் போட்டிருக்கவில்லை. ஊன்றுகோலோடு எங்களுக்கு நடுவில் வந்து நின்றாள்.

"பெரியப்பா, காலு எனக்குத்தான் போச்சு. அம்மாகிட்ட ஏன் கத்திகினு கீறீங்க? எங்கிட்ட பேசுங்க."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு பாவாடைக்குக் கீழே பார்த்தார். இந்த இரண்டு வருடத்தில் அவர் அதைப் பார்ப்பது அதுதான் முதல் முறை.

"அன்னிக்கு நாய் வந்துச்சா பெரியப்பா?"

கேட்டிலிருந்து கையை எடுத்தார்.

"இல்ல கண்ணு."

"குடிச்சிருந்தீங்களா?"

"ஆங்."

கூடியிருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். அவர் அப்படியே தெருவில் குந்திவிட்டார். "என்னை மன்னிச்சிடும்மா" என்று அழுதார். ஆம்பளை அழுகை, கேட்கச் சகிக்கவில்லை. முடியாது என்று சொல்ல என் வாய் தயாராக இருந்தது. நீங்கள் அங்கே இருந்திருந்தால் சரி என்று அவளைச் சொல்ல வைத்திருப்பீர்கள்.

அவள் சொன்னாள்: "யோசிச்சி சொல்றேன் பெரியப்பா. இப்ப வூட்டுக்குப் போங்க."

எழுந்து போனார். அவள் உள்ளே வந்து, பூசைக்கு நேரமாகிறது என்று தலை வாரிக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மன்னிக்க மாட்டேன் என்று இரண்டு வருடமாக நான் சொன்னேன். மன்னிக்க வேண்டும் என்று தவக்காலம் முழுக்க நீங்கள் சொன்னீர்கள். அந்தக் காலுக்கு உரியவளை நாம் இருவரும் கேட்கவே இல்லை.

அன்று ராத்திரி பாஸ்கா பூசையில் நாங்கள் இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். இனியும் பூசைக்கு வருவோம். பாவசங்கீர்த்தனத்துக்கு மட்டும் உங்களிடம் வரமாட்டேன். நேற்று அரக்கோணம் போய், அங்கே முகம் தெரியாத ஒரு சாமியாரிடம் செய்தேன். அவர் உபதேசம் எதுவும் பண்ணவில்லை. ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார்.

வருகிற ஞாயிறு இறை இரக்க ஞாயிறு. பிரசங்கத்துக்கு இது ரொம்ப வசதியாக இருக்கும். எடுக்காதீர்கள்.

மோனிஷா இன்னும் பதில் சொல்லவில்லை. கோவிலில் பார்த்தால் நீங்கள் அவளிடம் கேட்டுவிடக் கூடாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு நானே கேட்காமல் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

புஷ்பலதா