சீமைவாத்துக்கு மீன் எண்ணெய்

6-3-1961, திங்கள். செம்மேடு

இன்றும் இரண்டு குஞ்சு செத்தது. நாற்பது சீமைவாத்துக் குஞ்சுகளைக் கூடையில் வைத்துப் புளியஞ்சோலையிலிருந்து தலைச்சுமையாக ஏற்றி இருபத்திரண்டு நாள் ஆகிறது. கொட்டகையில் விட்டது முப்பத்திரண்டு. மிச்சம் இருபத்தொன்று. முதலில் கழிச்சல், அப்புறம் கால் இழுத்துக்கொள்கிறது, கடைசியில் தலையைத் திருப்பிக்கொண்டு சுற்றிச் சுற்றி விழுகிறது. கால்நடை ஆஸ்பத்திரி ஸ்டாக்மேனாக மலைக்கு வந்து மூன்று வருஷம். மாட்டுக்கு ஊசி போடத் தெரியும், வாத்தைப் பற்றி என்ன தெரியும் எனக்கு? கீழே ஃபேன் காற்றில் உட்கார்ந்து எவனோ போட்ட திட்டம்.

டாக்டர் அப்பாசாமி சொல்லியனுப்பியது ஒன்றுதான்: "இத நல்லபடியா காட்டுய்யா, துறையூருக்கு மாத்தல் வாங்கித் தர்றது என் பொறுப்பு." துறையூரில்தான் ராசாமணியும் குழந்தையும் இருக்கிறார்கள். போன மாதம் போனபோது பெற்ற குழந்தையே என்னை 'மாமா' என்று கூப்பிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

9-3-61

தவிடு, கடலைப் பிண்ணாக்கு, மீன் எண்ணெய். சொன்ன அளவு குறையாமல்தான் போடுகிறேன். இன்று ஒன்று.

12-3-61

பாவாயி வீட்டுக்குப் போனேன். சோதனைக்கென்று அவளிடம் எட்டுக் குஞ்சு கொடுத்திருக்கிறது, அதே தீனி மூட்டையோடு. எட்டும் உயிரோடு இருக்கிறது! கொழுகொழுவென்று, என் காலைக் கொத்த ஓடி வருகிறது. தீனி மூட்டையோ கட்டு அவிழ்க்காமல் மூலையில் கிடக்கிறது.

கத்திவிட்டேன். அவள் அசையவில்லை. "மோந்து பாருங்க சாமி. இத எதாச்சும் திங்குமா? கைப்புள்ளைக்குக் கூழு காச்சக் கேவுரு மொளைக்கப் போடுறேனுங்க, அதுல ஒரு கை அள்ளி வெக்கிறேன். மத்தபடி கீரையும் புல்லுந்தான். அதுக தானா மேயுதுங்க."

மோந்து பார்த்தேன். எண்ணெய்ச் சிக்கு வாடை.

13-3-61

டாக்டர் கொடுத்த சிறு புத்தகத்தை இன்றுதான் கடைசிப் பக்கம் வரை படித்தேன். வெட்கக்கேடு. மீன் எண்ணெயைத் தீனியில் அன்றன்றைக்குத்தான் கலக்க வேண்டுமாம். கலந்து வைத்தால் எண்ணெய் கெட்டு, தீனியில் இருக்கிற ஈ வைட்டமினையும் சேர்த்து அழித்துவிடுமாம். அது இல்லாத குஞ்சு வளராது, வயிறு கெடும், கால் இழுக்கும். முளைகட்டிய தானியத்திலும் பச்சிலையிலும் அந்தச் சத்து தாராளமாக உண்டு என்று அச்சடித்தே போட்டிருக்கிறான்.

நான் பதினைந்து நாள் தீனியை ஒரே நாளில் கலந்து பீப்பாயில் அடைத்து வைத்தேன். பாவாயிக்குக் கொடுத்த மூட்டையும் அதில் அள்ளியதுதான். ஏன்? தினம் கலந்தால் கையில் மீன் நாற்றம் போகவில்லை, சாப்பாடு இறங்கவில்லை— அதற்காக. பன்னிரண்டு உயிர்.

கேழ்வரகு வாங்கி ஊறப்போட்டேன்.

2-4-61

கழிச்சல் நின்றுவிட்டது. இருபதும் பிழைத்துக்கொண்டது. ஆனாலும் பாவாயியின் வாத்து ஒவ்வொன்றும் ஆறு ராத்தல் நிற்கிறது, என்னுடையது மூன்றரை தேறவில்லை. 'நீ செய்ததுதான் சரி' என்று அவளிடமே சொன்னேன். "அப்படிங்களா?" என்று சிரித்தாள்.

10-4-61

டாக்டர் மலையேறி வந்தார். பாவாயியின் எட்டையும் காலையிலேயே வாங்கி வந்து கொட்டகையில் முன்னால் நிற்கும்படி விட்டிருந்தேன். அவளை வரச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? தெரிந்தே கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அடேயப்பா! எண்ணெய் நல்லா வேலை செய்யுதுய்யா" என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் பீப்பாயையும் சொல்ல வேண்டும். "ஆமாங்க சார்" என்றேன். செத்ததெல்லாம்? "காட்டுப்பூனைங்க சார்." வாய் கூசவே இல்லை.

11-4-61

அறிக்கை எழுதி முடித்தேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள்.

27-5-61

மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. துறையூர்.

30-6-61. துறையூர்

குழந்தை இப்போது அப்பா என்கிறது. ராசாமணி வெந்நீர் வைத்துத் தருகிறாள். எல்லாம் சரியாக இருக்கிறது. சரியாகத்தானே இருக்கிறது?

19-8-61

சந்தையில் டாக்டரின் ப்யூனைப் பார்த்தேன். மலைக்கு இன்னும் எண்பது குஞ்சு போயிருக்கிறதாம், வீட்டுக்குப் பத்தாக. என் இடத்துக்கு வந்த செங்கோடன் என் அறிக்கையை வீடு வீடாகப் படித்துக் காட்டுகிறானாம். தீனியைக் கீழேயே எண்ணெய் கலந்து, மூட்டை கட்டி, மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுகிறார்கள். மாதத்துக்கு ஒருமுறை! என் பீப்பாயே பதினைந்து நாள்தான்.

செங்கோடனுக்கு ஒரு கார்டு எழுதினேன். நாலு வரி. 'எண்ணெயால் வளரவில்லை' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. எழுதினால் அது ஆபீசுக்குப் போகும், ஆபீசுக்குப் போனால் நான் எங்கே போவேன்? கிழித்துப் போட்டேன். மனுஷனா நான்? த்தூ.

17-9-61, ஞாயிறு

பாவாயி வந்தாள். மலையிறங்கி, பஸ் பிடித்து, விசாரித்துக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டாள். கூடையில் இரண்டு குஞ்சு, கால் இழுத்துக் கிடந்தன.

"பத்துக் குடுத்தாங்க சாமி. இந்த ரெண்டுதான் மிச்சம்."

"முளைக் கேழ்வரகு போடலையா நீ?"

"நிறுத்திட்டேனுங்க. செங்கோடன் சாரு காகிதம் படிச்சாரு, நீங்க எழுதுனதுன்னு. எங்கூட்டு வாத்தக் கண்ணால பாத்துட்டுப் போயி எழுதுனவரு, நம்மளவிட நல்லதாத்தான் எழுதியிருப்பாருன்னு மூட்டையப் பிரிச்சுப் போட்டேன். நாத்தத்தக்கூடப் பாக்கல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்: "இதுக்கு என்னங்க மருந்து?"

"கேழ்வரகு முளைகட்டிப் போடு. கீரை போடு. வெளியே மேய விடு."

"அது நான் போட்டதுதானுங்களே?"

"ஆமாம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மூன்று மணி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். ராசாமணி கொடுத்த மோரைத் தொடவில்லை.

"யாருங்க அது?" என்று ராசாமணி கேட்டாள்.

"மலையிலிருந்து வந்தவ. வாத்துக்கு மருந்து கேட்டா."

"சொன்னீங்களா?"

"சொன்னேன்" என்றேன்.